எலுமிச்சைச் சொறியும் வெள்ளிக் கோடும்

பாலக்கோடு பக்கம் எங்கள் எலுமிச்சைத் தோட்டத்தில், மழைக்குப் பிறகு காய்த் தோலெங்கும் பழுப்புச் சொறி. சாற்றில் குறையில்லை, மண்டியில்தான் பாதி விலைக்குக் கேட்டார்கள். நுண்ணூட்டக் குறை என்றார் ஒருவர், துத்தநாகம் தெளித்தேன். பூஞ்சணம் என்றார் இன்னொருவர், மேன்கோசெப் அடித்தேன். பணம் கரைந்தது, சொறி பரவியது.

இளம் இலையொன்றை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தபோதுதான் துப்புக் கிடைத்தது. ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் மஞ்சள் வளையம். தடவினால் இரு பக்கமும் உப்புத்தாள் போலச் சொரசொரப்பு. அதைவிட விசித்திரம், பல புள்ளிகள் இலைத் துளைப்பான் புழு குடைந்துபோன வெள்ளிக் கோட்டின் மேலேயே வரிசையாக இருந்தன. இந்தச் சொறிக்குக் காரணமான சாந்தோமோனாஸ் என்ற பாக்டீரியா அந்தக் காயத்தின் வழியாகத்தான் சுலபமாக நுழைகிறது. புழுவை விட்டுவைத்து மருந்து மட்டும் அடித்து என்ன பயன்?

மழையில்லாத நாளாகப் பார்த்து, சொறி பிடித்த குச்சிகளை வெட்டி எரித்தேன். (ஈர மரத்தில் கத்தரி வைத்தால் நோயை நாமே ஊரெல்லாம் பரப்புவோம்.) பிறகு பாக்டீரியாவுக்கு லிட்டருக்கு 3 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு, புழுவுக்குப் புதுத் துளிர் விடும்போதெல்லாம் 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல். பழைய காய்களில் தழும்பு அப்படியேதான் இருந்தது. அடுத்து வந்த காய்ப்பு சுத்தம். அப்பாடா!