கருத்தடை பற்றிய கத்தோலிக்கப் போதனை: உடல்நலத்தைப் பாதிக்கும் தவறான புரிதல்கள்

கருத்தடை குறித்துக் கத்தோலிக்கத் திருச்சபை என்ன சொல்கிறது என்று கேட்டால், ‘அது பாவம்’ என்ற ஒற்றை வரியே பெரும்பாலும் பதிலாகக் கிடைக்கிறது. எது விலக்கப்பட்டது, ஏன் விலக்கப்பட்டது, எது அந்த விலக்கின் எல்லைக்கு வெளியே நிற்கிறது என்பதை அந்த வரி சொல்வதில்லை. அது தெரியாத காரணத்தால், உட்கொள்ள வேண்டிய மருந்தை மறுத்துவிட்டு மாதந்தோறும் வலியைச் சகிக்கும் பெண்களும், தொற்று இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கக் கூசும் தம்பதியரும் உண்டு. போதனையை ஏற்பவரானாலும் ஏற்காதவரானாலும், அதைச் சரியாக அறிந்துகொள்வது உடல்நலத்துக்கும் தேவையாக இருப்பதால், அடிக்கடி நிகழும் தவறுகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

1968 ஜூலை 25 தேதியிட்ட ‘ஹுமானே வீத்தே’ என்ற, திருச்சபை முழுமைக்குமான சுற்றுமடலில் திருத்தந்தை (போப்) ஆறாம் பவுல் இந்தப் போதனையை விளக்கினார். கணவன் மனைவி உறவில் ஒருவரோடொருவர் ஒன்றித்தல், புதிய உயிருக்கு வழிவிடுதல் என இரு பொருள்கள் இணைந்திருக்கின்றன என்றும், அந்த இணைப்பை மனிதர் தம் விருப்பப்படி அறுக்கலாகாது என்றும் அம்மடல் வாதிடுகிறது. எனவே, உறவுக்கு முன்போ உறவின்போதோ அதன் பின்போ, கருத்தரிப்பைத் தடுக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு செய்யப்படும் செயலை அது விலக்குகிறது. விலக்கப்படுவது நோக்கத்தோடு கூடிய ஒரு செயல் என்பதை இங்கே ஊன்றிக் கவனிக்க வேண்டும். தடை செய்யப்பட்ட மருந்துகளின் பட்டியல் எதுவும் அம்மடலில் இல்லை.

இதைக் கவனிக்காததால்தான் மிகப் பெரிய தவறு நேர்கிறது. கருத்தடை மாத்திரை என்று பெயர் பெற்ற ஹார்மோன் மாத்திரைகளை, எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்), மிகையான மாதவிடாய்ப் போக்கு, சினைப்பை நீர்க்கட்டியால் வரும் சீரற்ற சுழற்சி முதலியவற்றுக்கு மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். நோயைக் குணப்படுத்தத் தேவையான சிகிச்சையால் கருத்தரிப்பு தடைபடும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தாலும், அந்தத் தடை நேரடியாக நாடப்படாதவரை அச்சிகிச்சை ஏற்கத்தக்கதே என்று ‘ஹுமானே வீத்தே’யின் 15ஆம் பத்தி வெளிப்படையாகக் கூறுகிறது. உடலுறவே இல்லாத இளம்பெண் ஒருவர் மாதவிடாய் வலிக்காக அதே மாத்திரையை உட்கொண்டால், அங்கே கருத்தடை என்ற கேள்வியே எழாது. அப்படியிருந்தும் மாத்திரையின் பெயரைக் கேட்ட உடனே ‘நமக்கு ஆகாது’ என்று பெற்றோர் மறுப்பதும், மகள் அந்த வலியோடு ஆண்டுக்கணக்கில் வாழ்வதும் எனக்கு மிகுந்த வருத்தம் தருகின்றன. பெற்றோர் அங்கே எழுப்ப வேண்டிய கேள்விகள் மருத்துவம் சார்ந்தவை. ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கலந்த மாத்திரைகள் இரத்தம் உறையும் ஆபத்தைக் கூட்டுவதால், முன்பு இரத்தக்கட்டு வந்தவர்கள், ஒற்றைத் தலைவலிக்கு முன் பார்வையில் ஒளிக்கீற்றுகள் தோன்றுபவர்கள், 35 வயதைக் கடந்தும் புகைப்பவர்கள் ஆகியோர் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லியாக வேண்டும்.

அறுவை சிகிச்சைக்கும் இதே அளவுகோல் பொருந்தும். புற்றுநோய் கண்ட கருப்பையை அகற்றுவது மலடாக்கும் செயலாகக் கருதப்படுவதில்லை. கருவை உயிர் பிழைக்கும் நிலைவரை தாங்கவே இயலாது என்று மருத்துவ வல்லுநர்கள் உறுதியாக அறிந்த கருப்பையை அகற்றுவதும் ஏற்கத்தக்கது என்று, 2018 டிசம்பரில் தேதியிட்ட பதிலில், போதனைகளைக் கவனிக்கும் வத்திக்கான் அலுவலகமான விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் தெளிவுபடுத்தியது. அதே வேளையில், நோயற்ற கருக்குழாயைக் கட்டிவிட்டு அதைச் சிகிச்சை என்று அழைப்பதைத் திருச்சபை ஏற்பதில்லை. இனிவரும் கர்ப்பம் தாயின் உயிருக்கே ஆபத்தாகலாம் என்ற நிலையிலும் அதன் நிலைப்பாடு இதுவே. இது கடினமான இடம் என்பதை மறைப்பதில் பயனில்லை. அத்தகைய நிலையில் உள்ள தம்பதியர், போதனையின் வரம்பையும் தம் உடல்நிலையின் ஆபத்தையும் ஒருசேர அறிந்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.

இயன்ற அளவு பிள்ளைகளைப் பெறுவதே கடமை என்று நினைப்பது அடுத்த தவறு. உடல்நிலை, பொருளாதாரம், உளவியல், சமூகச் சூழல் ஆகியவற்றை எண்ணிப் பார்த்து, தக்க காரணம் இருந்தால் அடுத்த பிறப்பைத் தள்ளிப்போடுவதும் பொறுப்புள்ள பெற்றோர் நிலையே என்று ‘ஹுமானே வீத்தே’ கூறுகிறது. கருத்தரிக்க இயலாத நாட்களைப் பயன்படுத்துவதற்குப் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1951 அக்டோபரில் மருத்துவச்சிகளுக்கு ஆற்றிய உரையிலேயே இடமளித்திருந்தார்.

கருத்தரிக்கக்கூடிய நாட்களில் உறவைத் தவிர்க்கும் இயற்கை முறை என்றால் நாள்காட்டியில் எண்ணுவது என்ற எண்ணம், பலரை எதிர்பாராத கர்ப்பத்தில் கொண்டுபோய் விடுகிறது. விந்தணு பெண்ணின் உடலில் 5 நாட்கள்வரை உயிரோடிருக்கக்கூடும். கருமுட்டையோ வெளிப்பட்டபின் 24 மணி நேரத்துக்கு மேல் தாங்குவதில்லை. முட்டை வெளிப்படும் நாள் மாதத்துக்கு மாதம் மாறுவதால், மகப்பேறுக்குப் பின்னும், பாலூட்டும் காலத்திலும், மாதவிடாய் நிற்கும் வயதை நெருங்கும்போதும் வெறும் எண்ணிக்கையை நம்புவது ஆபத்து. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜான் பில்லிங்ஸ், ஈவ்லின் பில்லிங்ஸ் தம்பதியர் வளர்த்தெடுத்த முறை, கருப்பைவாய்ச் சளியில் நாள்தோறும் தெரியும் மாற்றத்தைக் கவனிப்பது. காலையில் எழுந்தவுடன் உடல்வெப்பத்தை அளந்து, சளி மாற்றத்தோடு சேர்த்துப் பதிவது மற்றொரு முறை. இவற்றைப் பயிற்சி பெற்றவரிடம் சில சுழற்சிகள்வரை கற்க வேண்டும். முறையையும் அதைக் கடைப்பிடிக்கும் விதத்தையும் பொறுத்து, ஓராண்டில் 100 பெண்களில் 2 முதல் 23 பேர்வரை கருத்தரிக்கிறார்கள் என்ற மதிப்பீட்டின் அகன்ற இடைவெளியே, கற்காமல் கடைப்பிடிப்பதன் விலையைக் காட்டுகிறது. பாலூட்டுவதே போதுமான பாதுகாப்பு என்பதற்கும் மூன்று நிபந்தனைகள் உண்டு: குழந்தைக்கு 6 மாதம் நிறைந்திருக்கக் கூடாது, இரவிலும் பகலிலும் தாய்ப்பால் மட்டுமே தரப்பட வேண்டும், மாதவிடாய் திரும்பியிருக்கக் கூடாது. ஒன்று தவறினாலும் அந்தப் பாதுகாப்பை நம்ப முடியாது.

இம்முறைகள் கணவனின் ஒத்துழைப்பின்றி நடக்கவே நடக்காது. மனைவியின் நிலையையும் நியாயமான விருப்பத்தையும் மதிக்காமல் அவர்மேல் திணிக்கப்படும் உறவு உண்மையான அன்பின் செயல் அல்ல என்று அதே சுற்றுமடலின் 13ஆம் பத்தி சொல்கிறது. கருத்தடையை விலக்கும் பத்தியை மேற்கோள் காட்டுவோர் இந்தப் பத்தியையும் காட்ட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இயற்கை முறையோ கருத்தடை மாத்திரையோ பாலியல் தொற்றிலிருந்து எவரையும் காப்பதில்லை. ஆணுறையைத் தொடர்ந்து சரியாகப் பயன்படுத்துவது எச்.ஐ.வி. பரவலைப் பெருமளவு குறைக்கிறது. கிழியாத ஆணுறை வழியே அந்த வைரஸ் கசிந்துவிடும் என்ற பிரசாரம் அறிவியலுக்குப் புறம்பானது. ஓர் ஒழுக்கப் போதனையைக் காப்பதற்குப் பொய்யான அறிவியல் தேவையில்லை. அப்பொய்யை நம்புகிறவர் உயிரை இழக்கக்கூடும். திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2010இல் வெளியான நேர்காணல் நூலில், தொற்றைக் குறைக்கும் நோக்கத்தோடு பாலியல் தொழிலில் உள்ள ஒருவர் ஆணுறை அணிவது ஒழுக்கப் பொறுப்பின் முதல் அடியாக இருக்கலாம் என்றார். அதனால் கருத்தடை பற்றிய போதனை மாறவில்லை என்று விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் அதே ஆண்டு டிசம்பரில் விளக்கியது. தம்பதியரில் ஒருவருக்கு மட்டும் தொற்று இருக்கும்போது ஆணுறை பயன்படுத்தலாமா என்பதில் கத்தோலிக்க இறையியலாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் தொற்றுள்ளவர் தவறாமல் மருந்து உட்கொண்டு, இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அதே நிலையில் நீடித்தால், உடலுறவு வழியாக அது பரவுவதில்லை. இந்த மருந்துக்கும் கருத்தடைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

கருத்தடையையும் கருக்கலைப்பையும் ஒன்றாகப் பேசுவதும் தவறு. திருச்சபை இரண்டையும் ஏற்பதில்லை எனினும், கருக்கலைப்பு நிறைவேறினால் திருச்சபைச் சட்டத்தின்படி தானாகவே விளையும் விலக்குத் தண்டனை (அருட்சாதனங்களிலிருந்து விலக்கி வைப்பது) கருத்தடைக்கு இல்லை.

பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண்ணின் நிலை வேறு. தாக்குதலால் கருத்தரிக்காமல் அவர் தம்மைக் காத்துக்கொள்ளலாம் என்றும், கருத்தரித்ததற்கான அறிகுறி இல்லாதபோது முட்டை வெளிப்படுவதையோ கருவுறுவதையோ தடுக்கும் மருந்தைத் தரலாம் என்றும் அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர்களின் (பிஷப்புகளின்) மருத்துவப் பணி நெறிமுறைகள் அனுமதிக்கின்றன. ஜெர்மனி ஆயர்களும் 2013இல் இத்தகைய முடிவுக்கே வந்தனர். வன்முறைக்கு உள்ளான நிலையில் தயக்கத்துக்கு நேரமில்லை. அவசரக் கருத்தடை மாத்திரை எவ்வளவு விரைவாக உட்கொள்ளப்படுகிறதோ அவ்வளவு பயன் தரும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாட்கள் உட்கொள்ள வேண்டும். அவரை உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். ஒழுக்க நெறி பற்றிய ஐயங்களுக்கு அதன் பின்பும் விடை தேடலாம்.