ரெண்டாம் கியரில் ஏறுமா? மலையில் தினமும் ஓட்ட ஒரு சின்ன கார்

கோத்தகிரிக்குப் பக்கத்தில் எங்கள் ஹட்டியிலிருந்து, அதாவது எங்கள் மலைக் கிராமத்திலிருந்து, மெயின் ரோட்டுக்கு ஏறும் சிமெண்ட் பாதை மொத்தம் 200 மீட்டர் இருக்கும். நடுவில் ஒரு வளைவு, வளைவிலேயே ஒரு வேகத்தடை. அதை அங்கே போட்டவர் யாரென்று தெரியாது. கார் ஓட்டாதவர் என்பது மட்டும் நிச்சயம். கார் வாங்க யோசனை கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: உங்கள் வீட்டுப் பக்கமும் இப்படி ஓர் இடம் இருக்கும். ஷோரூமுக்குப் போகும் முன் அதைக் கண்டுபிடித்து வையுங்கள்.

நான் குன்னூரில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறேன். வீட்டிலிருந்து போக 22 கிலோமீட்டர், வர 22. கட்டபெட்டு, எடப்பள்ளி, வண்டிச்சோலை வழியாக. காலை ஏழு மணி ஷிஃப்டுக்குப் பஸ்ஸை நம்ப முடியாது என்பதால்தான் கார் ஓட்டவே கற்றுக்கொண்டேன்.

முதல் கார் பழையது. 800 சிசி இன்ஜின், கீழே கோயம்புத்தூரில் ஒருவரிடம் வாங்கியது. லிட்டருக்கு 22 கொடுக்கும் என்று அவர் சொன்னார். கீழே கொடுத்தும் இருக்கலாம். வாங்கிய நாலாவது மாதம் ஒரு கல்யாணத்துக்கு மாமியார், நாத்தனார், இரண்டு பிள்ளைகளோடு கிளம்பினேன். அந்த வேகத்தடையில் வண்டி நின்றுவிட்டது. ஹேண்ட்பிரேக் போட்டு, ஹாஃப் கிளட்சில் பிடித்து, ஆக்சிலேட்டரை அழுத்தி, இரண்டு முறை, மூன்று முறை. கருகிய ரப்பர் மாதிரி ஒரு வாடை உள்ளே வந்தது. "யாரோ டயரை எரிக்கிறாங்க போல" என்றார் மாமியார். எரிந்தது எங்கள் கிளட்ச் பிளேட். மாற்றியதற்கு ஆன செலவு 7,800 ரூபாய். பட்டுப் புடவையோடு எல்லோரும் இறங்கி நடந்து மேலே ஏறியது தனிக் கதை.

என் வீட்டுக்காரர் பச்சைத் தேயிலை ஏற்றும் பிக்கப் ஓட்டுகிறவர். அன்று ராத்திரி அவர் சொன்னது ஒரே வரி: "மைலேஜைப் பார்த்து வாங்கினே, ரெண்டாம் கியர்ல ஏறுமான்னு பார்த்தியா?"

சரி, மைலேஜ் கணக்குக்கே வருவோம். கம்பெனி சொல்லும் மைலேஜை எடுப்பது ஆய்வுக்கூடத்தில், உருளைகள் மேல் வண்டியை நிறுத்தி. அங்கே கட்டபெட்டு ஏற்றம் கிடையாது, எதிரே வரும் லாரிக்கு ஒதுங்கி நின்று மறுபடி முதல் கியரில் எடுப்பது கிடையாது. அதனால் அந்த எண் ஒரு காரை இன்னொன்றோடு ஒப்பிட மட்டும் உதவும். அப்படி ஒப்பிட்டால் வேறொன்று தெரியும். ஆல்டோ கே10 மேனுவலுக்கு, 998 சிசி, காகிதத்தில் லிட்டருக்கு 24.39 கிலோமீட்டர். வேகன் ஆர் 1.2 மேனுவலுக்கு, 1197 சிசி, 23.56. வித்தியாசம் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் இழுவையில், அதாவது டார்க்கில், முன்னது 89 நியூட்டன் மீட்டர், பின்னது 113. டாடா டியாகோவும் கிராண்ட் ஐ10 நியோஸும் இந்த 113, 114 வகைதான். மேடேறும்போது இந்த எண்தான் கைகொடுக்கும்.

இன்னொன்று காற்று. குன்னூர் சுமார் 1850 மீட்டர் உயரம், ஊட்டி 2240. ஊட்டி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். சாதாரண பெட்ரோல் இன்ஜின் உள்ளிழுக்கும் காற்று குறைந்தால் சக்தியும் அதே அளவு குறையும். 67 குதிரைத் திறன் என்று போட்டிருக்கும் கார் இங்கே 55க்குப் பக்கத்தில்தான் இழுக்கும். கீழே நன்றாக ஓடிய வண்டி மேலே வந்ததும் மூச்சு வாங்குவது இதனால்தான். காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போ இருந்தால் இந்தக் குறை பெரும்பாலும் தெரியாது, ஆனால் விலை ஏறிவிடும். தினம் வேலைக்குப் போய்வர அது தேவையில்லை என்பது என் கட்சி.

இப்போது ரூபாயில் போட்டுப் பாருங்கள். எனக்கு மாதம் 25 நாள், 1100 கிலோமீட்டர். மலையில் 17 கொடுக்கும் காருக்கு 65 லிட்டர் போதும், 15 கொடுக்கும் காருக்கு 73. லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால் மாதம் 800 ரூபாய் வித்தியாசம். நான் எரித்த ஒரு கிளட்ச், பத்து மாத மிச்சத்தைத் தின்றுவிட்டது. உங்கள் தூரத்தை வைத்து இதே கணக்கை ஒரு தாளில் போடாமல் எந்த காரையும் முடிவு செய்யாதீர்கள். தினம் பத்து கிலோமீட்டர்தான் ஓட்டுவீர்கள் என்றால் மைலேஜை மறந்துவிட்டு, ஆன்ரோடு விலையையும் சர்வீஸ் செலவையும் பாருங்கள்.

அப்புறம் டெஸ்ட் டிரைவ். இதில் கூச்சமே படக்கூடாது. ஷோரூம்காரர்கள் உங்களைச் சமமான ரோட்டில் ஒரு சுற்று அழைத்துப் போய், ஏசி போட்டு, பாட்டுப் போட்டு, திருப்பிக் கொண்டுவந்து விடுவார்கள். நான் இரண்டாவது கார் பார்த்தபோது வண்டியை ஹட்டிக்கே கொண்டுவரச் சொன்னேன். வந்த தம்பி தயங்கினார். "தம்பி, நான் தினம் ஓட்டப்போறது இங்கேதான்" என்றதும் சம்மதித்தார். பின்சீட்டில் வீட்டுக்காரர், கொழுந்தனார், மாமியார், முன்னால் அந்தத் தம்பி. அந்த வேகத்தடையிலேயே வேண்டுமென்று நிறுத்தினேன். ஹேண்ட்பிரேக்கை விட்டு எடுக்கும்போது வண்டி பின்னால் ஒரு ஜாண் போகிறதா, முக்குகிறதா, இன்ஜின் அணையப் பார்க்கிறதா? தாண்டியதும் இரண்டாம் கியர் போட்டால் ஏறுகிறதா, முதலுக்கே திரும்பக் கேட்கிறதா? முதல் ஷோரூம் கார் முதலுக்குக் கேட்டது. இரண்டாவது இரண்டிலேயே ஏறியது. வாங்கியது அதைத்தான், வேகன் ஆர் 1.2. உயரமாக உட்கார்ந்தால் வளைவில் எதிரே வருவது தெரிகிறது என்பதும் ஒரு காரணம். டேங்க் நிரப்பி, அடுத்த முறை நிரப்பும்வரை ஓடியதை வகுத்துப் பார்க்கிறேன். 15க்கும் 16க்கும் நடுவில் நிற்கிறது.

அதே டெஸ்ட் டிரைவில் ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்து முன்கண்ணாடித் தூணையும் பாருங்கள். தடித்த தூண் கொண்ட கார்களில், வலது பக்கக் கொண்டை ஊசி வளைவில் எதிரே வரும் பைக் முழுசாக மறைந்துவிடும்.

கியர் விஷயம். ஏஎம்டி எனப்படும் ஆட்டோமேட்டிக் விலை குறைவு, காகித மைலேஜும் நல்லது, இடது கால் வலிக்காது. ஆனால் ஏற்றத்தில் அது இரண்டா மூன்றா என்று தடுமாறும். நீங்கள் ஒரு வளைவின் நடுவில் இருக்கும்போது மூன்றுக்கு மாறி இழுவை விட்டுவிடும். எடுத்தால் மேனுவல் மோடில் இரண்டில் பூட்டி ஓட்டப் பழகுங்கள், ஏற்றத்தில் வண்டி பின்னால் உருளாமல் பிடிக்கும் ஹில் ஹோல்டு இருக்கிறதா என்றும் கேளுங்கள். மூட்டு வலி இருப்பவர்களுக்கு நான் ஏஎம்டியை வேண்டாமென்று சொல்ல மாட்டேன். எரிவாயுவில் ஓடும் சிஎன்ஜி காரில் சிலிண்டருக்கே டிக்கி பாதி போய்விடும், இழுவை இன்னும் கொஞ்சம் குறையும். உங்கள் வழியில் பங்க் இல்லையென்றால் அந்தப் பேச்சே வேண்டாம்.

எலெக்ட்ரிக் காரைப் பற்றி எனக்கு ஏக்கம் உண்டு. மோட்டாருக்குக் காற்று தேவையில்லை, அதனால் ஊட்டியிலும் அதே இழுவை. இறக்கத்தில் மோட்டாரே வேகத்தைப் பிடித்துக் கொஞ்சம் கரண்டைப் பேட்டரிக்குத் திருப்பும். எங்கள் ரோட்டுக்கென்றே செய்த மாதிரி இருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டுக்குப் போக 34 படி இறங்க வேண்டும். கார் மேலே ரோட்டோரம் நிற்கும். வயரை எங்கே இழுப்பது? வாசலிலேயே நிறுத்த இடமும் பிளக்கும் இருப்பவர்கள் டியாகோ இவி மாதிரி ஒன்றை ஓட்டிப் பார்க்கலாம். குளிர் காலத்தில் பேட்டரி ஓடும் தூரம் குறையும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

பழைய கார் வாங்குகிறவர்களுக்கு ஒரு கணக்கு மாறியிருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் நாலு மீட்டருக்குள், 1200 சிசிக்குள் உள்ள பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அதற்கு முன் 28, மேலே செஸ் என்ற கூடுதல் வரி வேறு. புது காரின் இன்றைய ஆன்ரோடு விலையைக் கேட்காமல் பழையதற்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். 2019 ஏப்ரலுக்கு முந்தைய வண்டி என்றால், பிரேக் போடும்போது சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ் இருக்கிறதா என்று பாருங்கள். அதன் பிறகுதான் எல்லாப் புது கார்களுக்கும் அது கட்டாயமானது. எடப்பள்ளிப் பக்கம் காலை மூடுபனிக்குள்ளிருந்து காட்டெருமை ஒன்று நிதானமாக ரோட்டில் இறங்கும்போது, ஈரத் தார் மேல் பிரேக்கை மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டும்.

மலையில் ஓடிய வண்டியா, கீழே ஓடிய வண்டியா என்பதை விற்பவர் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. ஜன்னல் கண்ணாடி ரப்பரின் அடி ஓரத்தை நகத்தால் கீறிப் பாருங்கள். வெளியே மழையில் நின்ற நீலகிரி வண்டியானால் பச்சையாகப் பாசி வரும். காருக்குள் தரை விரிப்பைத் தூக்கி முகர்ந்தால் பூஞ்சை வாடை தெரியும். பாசி இருந்தால் வாங்கக்கூடாது என்பதில்லை. கிளட்சும் பிரேக் டிஸ்க்கும் எப்போது மாற்றியது என்று கேட்டு, பில்லைக் கையில் வாங்குங்கள், அடிப்பக்கத் துருவையும் பாருங்கள். கிளட்சைச் சோதிக்க ஒரு வழி: ஏற்றத்தில் மூன்றாம் கியர் போட்டு ஆக்சிலேட்டரை அழுத்துங்கள். சத்தம் ஏறி, வேகம் ஏறாவிட்டால் பிளேட் முடிந்தது, விலையில் குறைத்துப் பேசுங்கள்.

மைலேஜுக்காக இறக்கத்தில் நியூட்ரலில் விடும் பழக்கம் இருந்தால் புது காரோடு அதை விட்டுவிடுங்கள். இப்போதைய இன்ஜின்களில் கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், பெட்ரோல் போவதே நின்றுவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றும். நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் குடித்துக்கொண்டே இருக்கும், பிரேக்கும் சூடாகும். நான் மேட்டுப்பாளையம் இறங்குவது இரண்டிலும் மூன்றிலும்தான். வீட்டுக்காரர் பக்கத்தில் இருந்தால் அவர் கண் ரோட்டில் இருக்காது, என் கியர் கம்பியில் இருக்கும்.