ஓடுகிற டிராக்டர் நடுவில் நின்றால் எங்கிருந்து பார்ப்பது?

சின்ன டீசல் டிராக்டர் அரை மணி நேரம் நன்றாக ஓடும். அப்புறம் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். பத்து நிமிடம் விட்டு செல்ஃப் அடித்தால் ஒன்றும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். உடனே பம்ப் போச்சு, நாசில் (எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் முனை) போச்சு என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலும் டீசல் வரும் வழியில்தான் கோளாறு இருக்கும்.

கை வைக்கும் முன் வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, பி.டி.ஓ.வை (பின்னால் மாட்டும் கருவியைச் சுழற்றும் தண்டு) விடுவித்து, கருவியைத் தரையில் இறக்கி, சாவியை எடுத்துவிடுங்கள்.

படி 1: எப்படி நின்றது?

இழுவை குறைந்து, திணறித் திணறி நின்றதா? டீசல் பக்கம் பாருங்கள். சாவியை அணைத்தது போல டக்கென்று நின்றதா? நேராகப் படி 6-க்குப் போங்கள். கரும்புகை தள்ளிக்கொண்டு நின்றால் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள், அல்லது சுமை அதிகம்.

படி 2: டேங்க் மூடி

நின்றவுடனே மூடியைத் திறங்கள். உஸ் என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. டீசல் குறையும் இடத்துக்குக் காற்று வந்தாக வேண்டும். வராவிட்டால் டீசலும் இறங்காது. துளையைச் சுத்தம் செய்தால் போதும்.

படி 3: டீசல் ஃபில்டர்

ஃபில்டருக்கு அடியில் இருக்கும் டீசலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்துச் சிறிது நேரம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் டீசலைவிடக் கனம் என்பதால் அடியில் தனியாகத் தெரியும். தண்ணீரோ கசடோ இருந்தால் ஃபில்டரை மாற்றி, டேங்கின் அடியையும் வடித்துவிடுங்கள்.

படி 4: டேங்கிலிருந்து ஓட்டம்

பலர் விட்டுவிடும் இடம் இது. நானும் விட்டேன், இரண்டு ஃபில்டர் மாற்றிய பிறகுதான் புத்தி வந்தது. டேங்க் உயரத்தில் இருக்கும் வண்டி என்றால், ஃபில்டருக்கு வரும் ஹோஸைக் கழற்றி ஒரு கேனில் விடுங்கள். உடனே மூடிவிடாமல் இரண்டு மூன்று நிமிடம் பாருங்கள். என் வண்டியில் முதலில் விரல் தடிமனுக்குக் கொட்டியது, அப்புறம் நூலாக மெலிந்தது. டேங்கைக் காலி செய்து பார்த்தால், டீசல் கேன் மூடியின் சீல், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் துண்டு, அடியில் கிடந்தது. எஞ்சின் ஓடும்போது அது போய் டீசல் வெளியேறும் வாயை அடைக்கும், நின்றதும் விலகிவிடும். பத்து நிமிட ஓய்வின் ரகசியம் அதுதான்.

படி 5: காற்று இழுக்கிறதா?

பம்ப் உறிஞ்சும் பக்கத்தில் ஹோஸில் வெடிப்பு விழுந்திருந்தால், டீசல் வெளியே சொட்டாமலே காற்று உள்ளே போகும். வளைவுகளை மடக்கிப் பாருங்கள், கிளிப்புகளை இறுக்குங்கள். அப்புறம் ஏர் எடுக்க, அதாவது உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும்: ஃபில்டர் மேலே உள்ள ஏர் ஸ்குரூவைச் சற்றுத் தளர்த்தி, கைப்பம்பை அடியுங்கள். முதலில் நுரை வரும். நுரை நின்று வெறும் டீசல் வரும்போதே, அடிப்பதை நிறுத்தாமல் ஸ்குரூவை இறுக்குங்கள்.

எஞ்சின் ஓடும்போது நாசில் பைப்பில் கசிவைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஒரு அட்டையை நீட்டிப் பாருங்கள்.

படி 6: டக்கென்று நின்றால்

மேடு பள்ளத்தில் உடம்பு எழும்பும்போது மட்டும் நிற்கிறது என்றால் சீட் ஸ்விட்ச்மேல் (சீட்டில் ஆள் இல்லாவிட்டால் எஞ்சினை அணைப்பது) சந்தேகப்படுங்கள். அடுத்து ஃபியூஸ், எர்த் ஒயர், டீசலை நிறுத்தும் சோலனாய்டின் (மின்சாரத்தில் இயங்கும் அடைப்பான்) கனெக்டர். பல வண்டிகளில் 12 வோல்ட் வரும்வரைதான் சோலனாய்டு டீசலை விடும். கனெக்டர் ஒரு நொடி விலகினாலும் எஞ்சின் அணையும். சீட் ஸ்விட்ச்சை ஒயர் போட்டு நேரடியாக இணைத்துவிடுவது சிலருக்குப் பழக்கம். வேண்டாம், நீங்கள் கீழே விழுந்தாலும் பி.டி.ஓ. சுற்றிக்கொண்டே இருக்கும்.

இத்தனையும் சரியாக இருந்து, சூடானதும் நின்று, ஆறும்வரை ஸ்டார்ட் ஆகவே மாட்டேன் என்றால் பம்ப் தேய்ந்திருக்கலாம். அதை நீங்கள் பிரிக்காதீர்கள். மெக்கானிக்கிடம் கொண்டுபோகும்போது எத்தனை நிமிடத்தில், எப்படி நின்றது, என்ன புகை வந்தது என்று எழுதிக் கொடுங்கள்.