காது மெஷின் இழுப்பறையில் இருந்தது

அம்மா பராமரிப்பு இல்லத்தில் 14 மாதம் இருந்தார். சேர்த்த மூன்றாவது வாரம் ஊழியர் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அம்மாவுக்கு ஞாபகம் ரொம்பக் குறையுது சார், எதைக் கேட்டாலும் சும்மா சிரிக்கிறாங்க" என்றார். போய்ப் பார்த்தால், காது மெஷின் பேட்டரி தீர்ந்து இழுப்பறையில் கிடக்கிறது. மாற்றி மாட்டிவிட்டதும் அம்மா கேட்டது: "ஏன்டா, இங்க யாருமே பேசமாட்டாங்களா?"

அந்த ஊழியரைக் குறை சொல்ல மாட்டேன். வாரத்துக்கு வாரம் ஆள் மாறும் இடத்தில், யாருக்கு என்ன வேண்டும் என்பது காதில் போட்டு வைத்தால் நிற்காது. அதனால் உங்கள் வீட்டுப் பெரியவர் இப்படி ஓர் இல்லத்தில் இருந்தால், முதலில் ஒரு தாளை எடுங்கள். பெரிய எழுத்தில் நாலைந்து வரி போதும். நான் எழுதியது: "இடது காதில் மெஷின், தினமும் காலையில் மாட்டவும். கீழ்ப் பல்செட்டை இரவில் கழற்றவும். இருட்டில் பயப்படுவார். டீச்சர் என்று கூப்பிட்டால் உடனே திரும்புவார்." கட்டில் தலைமாட்டில் ஒட்டிவிட்டேன். நோய், மருந்து விவரம் அதில் வேண்டாம். வருகிற போகிறவர் எல்லாம் படிப்பார்கள். மருந்துப் பட்டியல் நர்ஸிடம் ஒன்று, உங்கள் போனில் ஒன்று இருக்கட்டும்.

துணி, கண்ணாடிக்கூடு, பல்செட் டப்பா எல்லாவற்றிலும் பெயர் எழுதுங்கள். பல்செட்டைக் காகிதத்தில் சுற்றிச் சாப்பாட்டுத் தட்டில் வைக்க விடாதீர்கள், குப்பையோடு போய்விடும். எங்களுக்குப் போனது.

ஆரம்பத்தில் நான் ஞாயிறு நாலு மணிக்குத்தான் போவேன். அம்மா தலை வாரி, பளிச்சென்று உட்கார்ந்திருப்பார். ஒருநாள் காலையில் போனேன். தண்ணீர் ஜக்கு எட்டாத மேஜையில், கூப்பிடும் மணி கட்டிலுக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து நேரத்தை மாற்றி மாற்றித்தான் போனேன். ஒருமுறை சாப்பாட்டு நேரம், ஒருமுறை இருட்டும் நேரம்.

போனதும் தண்ணீரும் மணியும் கைக்கெட்டுகிறதா பாருங்கள். வயதானால் தாகமே சரியாகத் தெரியாது. கேட்டால் கொடுப்போம் என்று இருந்தால் கேட்கவே மாட்டார்கள். அப்புறம் குதிகாலும் கீழ்முதுகும். சிவந்த இடத்தை விரலால் அழுத்திப் பார்த்தால் வெளுக்க வேண்டும். வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் படுக்கைப்புண் தொடங்குகிறது. அதைத் தேய்த்துவிடாமல், அன்றைக்கே நர்ஸிடம் சொல்லுங்கள். தானாகப் புரள முடியாதவரை எத்தனை மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைக்கிறார்கள் என்றும் கேளுங்கள். இரண்டு மணிக்கொரு முறை என்பது பொதுவான கணக்கு. மாதாமாதம் எடை கேளுங்கள். 50 கிலோ இருந்தவர் ஒரே மாதத்தில் இரண்டரை கிலோ குறைந்தால், "வயசாச்சு" என்ற பதிலோடு விடக்கூடாது.

இன்னொன்று முக்கியம். நேற்று வரை தெளிவாக இருந்தவர் திடீரென்று உளறினால் அதை மறதிநோய் என்று நினைத்துவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, நீர் வற்றுதல், மலச்சிக்கல், புதிதாகச் சேர்த்த மாத்திரை, எதுவாகவும் இருக்கலாம். அன்றைக்கே டாக்டர் பார்க்க வேண்டும். "இவர் எப்போதும் இப்படி இல்லை" என்று சொல்ல அங்கே உங்களை விட்டால் ஆள் இல்லை.

புகார் சொல்வதிலும் நான் சூடுபட்டுத்தான் கற்றேன். "சரியாப் பாத்துக்கறதில்லை" என்றால் சண்டைதான் வரும். "செவ்வாய் காலை 10 மணிக்கு மணி கீழே தொங்கிட்டிருந்துச்சு" என்றால் வேலை நடக்கும். சின்ன நோட்டு ஒன்றில் தேதியோடு குறித்து வையுங்கள். ஷிப்ட் மாறும் நேரத்தில் பேச்செடுக்காதீர்கள். ஆனால் காரணம் சொல்ல முடியாத காயமோ, குறிப்பிட்ட ஒருவரைக் கண்டால் ஒடுங்குவதோ தெரிந்தால் நயமெல்லாம் வேண்டாம். படம் எடுத்து, நிர்வாகிக்கு எழுத்தில் கொடுத்து, டாக்டரை வரச் சொல்லுங்கள்.

பக்கத்தில் உட்கார்ந்து "சாப்பிட்டியா, தூங்கினியா" என்று விசாரணை நடத்தினால் பத்து நிமிஷத்தில் இருவருக்கும் அலுத்துவிடும். நான் அம்மாவின் கைக்கு கிரீம் தடவுவேன், விரல்நகம் வெட்டுவேன். சர்க்கரை நோய் உள்ளவர் என்றால் கால்நகத்தை நர்ஸிடம் விடுங்கள். துவைத்த துணியை இருவருமாக மடிப்போம். பேச்சே இல்லாமல் அரைமணி போகும், நன்றாகவே இருக்கும்.

"எப்படா வீட்டுக்குப் போறோம்?" இதற்குத்தான் எனக்குப் பதிலே வராது. ஒருமுறை "அடுத்த வாரம்" என்று சொல்லிவிட்டேன். வேறு எதை மறந்தாலும் அதை மட்டும் அம்மா மறக்கவில்லை. பிறகு, "வீட்டுல உனக்கு என்னம்மா ஞாபகம் வருது?" என்று கேட்க ஆரம்பித்தேன். "பின்கதவுத் தாழ்ப்பாள் சரியா விழாதுடா, பாத்துக்கோ" என்பார். அதிலிருந்து பேச்சு ஓடும்.

கிளம்புவதைச் சாப்பாட்டுத் தட்டு வரும் நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், கவனம் அதில் இருக்கும். அடுத்து வரும் நாளைக் காலண்டரில் வட்டமிடுங்கள். நாள் மட்டும், மணி வேண்டாம். அன்றைக்கு வர முடியாமல் போனால் முந்தின நாளே போன் செய்து, புது நாளை அவர் கையாலேயே வட்டமிடச் சொல்லுங்கள்.