பீக் டிஸ்ட்ரிக்ட் குன்றுகளில் கார் தொல்லையின்றி மிதிவண்டி ஓட்டுவது எப்படி?

இங்கிலாந்தின் குன்றுப் பகுதிச் சாலைகள் பல, பழைய வண்டித்தடங்களின் மேல் அமைந்தவை. அவை மேட்டைச் சுற்றிச் செல்லாமல் நேராக அதன் மீதேறி மறுபுறம் இறங்குகின்றன; ஐந்து மீட்டர் தூரத்துக்கு ஒரு மீட்டர் உயரும் ஏற்றங்கள்கூட அங்கே அரிதல்ல. போதாக்குறைக்கு, இருபுறமும் புதர்வேலியோ கல்சுவரோ நெருக்கும் அந்தக் குறுகிய சாலைகளிலும், தனி வரம்பு விதிக்கப்படாத இடங்களில், மணிக்கு 60 மைல் வேகம் வரை கார் ஓட்டச் சட்டம் இடமளிக்கிறது. புதிதாக மிதிவண்டி ஓட்டத் தொடங்குபவரை அச்சுறுத்துவன ஏற்றமும் காரும்தாம். இரண்டையும் ஒருசேரத் தவிர்க்க எளிய வழி, கைவிடப்பட்ட ரயில் பாதைகளைத் தேடிச் செல்வது. நீராவி எஞ்சின் செங்குத்தான மேட்டில் ஏறாது என்பதால், பொறியாளர்கள் குன்றைக் குடைந்தும் பள்ளத்தாக்கின் மேல் பாலம் கட்டியும் தண்டவாளத்தின் சாய்வைக் குறைத்து வைத்தார்கள். 1960களில் நாடெங்கும் பல ஆயிரம் மைல் ரயில் பாதை மூடப்பட்டது. அவற்றில் சில இன்று மிதிவண்டிக்கும் நடைக்கும் குதிரைக்கும் உரிய பாதைகளாகியுள்ளன. 1951இல் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பீக் டிஸ்ட்ரிக்டில் இத்தகைய பாதைகள் அருகருகே இருப்பதால், அதையே இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

முதற்படி: பாதையைத் தேர்ந்தெடுத்தல்

முதல் பயணத்துக்கு மான்சால் டிரெயிலைப் பரிந்துரைக்கிறேன். பேக்வெல் ஊரின் ஓரத்திலிருந்து பிளாக்வெல் மில் வரை ஏறத்தாழ 14 கி.மீ. நீளமுள்ள இப்பாதையில், 1863 முதல் 1968 வரை மிட்லண்ட் ரயில் தடம் இருந்தது. தடம் மூடப்பட்ட பின் நெடுங்காலம் அடைத்துக் கிடந்த சுரங்கங்கள் 2011இல் திறக்கப்பட்ட பிறகே, இதை இடையில் இறங்காமல் ஓட்டிக் கடக்க முடிந்தது. அவற்றில் பெரியவை நான்கு. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 400 மீட்டர் நீளமுடையது. பகல் நேரத்தில் உள்ளே விளக்குகள் எரியும் என்றாலும், வெயிலிலிருந்து நுழைந்ததும் கண் பழகச் சற்று நேரமாகும் என்பதால் வேகத்தைக் குறைத்து நுழைய வேண்டும். ஹெட்ஸ்டோன் சுரங்கத்தைத் தாண்டியவுடன் வை ஆற்றின் மேலுள்ள உயர்ந்த கல்பாலத்துக்கு வந்து சேர்வீர்கள். அங்கே எல்லாரும் நின்றுவிடுவார்கள். நீங்களும் நிற்கலாம், ஆனால் வண்டியை ஓரமாக ஒதுக்கிவிட்டு நில்லுங்கள்.

நீண்ட தூரம் வேண்டுவோருக்கு ஆஷ்போர்னிலிருந்து பார்ஸ்லி ஹே வரை 21 கி.மீ. செல்லும் டிஸ்ஸிங்டன் டிரெயில் உண்டு. தார் போட்ட பாதைதான் வேண்டும் என்பவர்கள் ஹ்யூம் எண்டிலிருந்து வாட்டர்ஹவுசஸ் வரையிலான மேனிஃபோல்ட் தடத்தைப் பார்க்கலாம். 1904இல் தொடங்கி முப்பதே ஆண்டுகளில் மூடப்பட்ட, தண்டவாள இடைவெளி குறுகிய சிறு ரயிலின் தடம் அது. ஆனால் வெட்டன் மில்லுக்கும் ஹ்யூம் எண்டுக்கும் இடையே ஒரு பகுதியில், சுரங்கம் உட்பட, கார்களுக்கும் அனுமதி உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

ஹை பீக் டிரெயிலைத் தொடக்கத்திலேயே, அதுவும் கிராம்ஃபர்ட் முனையிலிருந்து, முயல வேண்டாம். 1831இல் முடிக்கப்பட்ட அந்த ரயில் பாதை கால்வாய் அமைப்பவர்களின் சிந்தனையில் உருவானது. சமதளமாக நெடுந்தூரம் சென்று, உயரம் மாறவேண்டிய இடத்தில் ஒரே சரிவாக ஏறும். அந்தச் சரிவுகளில் பெட்டிகளை நிலையான நீராவி எஞ்சின்கள் சங்கிலியாலும் வடத்தாலும் இழுத்தன. எட்டுக்கு ஒன்று என்னும் அளவுக்குச் செங்குத்தான அச்சரிவுகளில் உங்களை இழுக்க இன்று எஞ்சின் இல்லை.

இரண்டாம் படி: திசையைத் தீர்மானித்தல்

ரயில் பாதை என்றால் முழுச் சமதளம் என்று நினைத்துவிடக் கூடாது. நூற்றுக்கு ஒன்று என்ற சாய்வு கண்ணுக்குத் தெரியாது, தொடைக்குத் தெரியும். ஆஷ்போர்னிலிருந்து பார்ஸ்லி ஹே செல்கையில் மொத்தம் இருநூறு மீட்டருக்கு மேல் உயர்கிறோம். எனவே தாழ்ந்த முனையில் தொடங்கி, உடலில் வலு இருக்கும்போதே ஏறிவிட்டு, களைப்போடு திரும்பும்போது இறக்கத்தைப் பயன்படுத்திக்கொள்வதே அறிவுடைமை. மான்சாலிலும் பேக்வெல் முனைதான் தாழ்வானது. பார்ஸ்லி ஹேயில் வண்டி வாடகைக்குக் கிடைக்கிறது என்பதற்காக அங்கிருந்து புறப்பட்டு, காற்றும் இறக்கமும் தள்ள ஆஷ்போர்ன் வரை உல்லாசமாகச் சென்றுவிட்டால், திரும்பும் வழி இருமடங்கு நீளமாகத் தோன்றும்.

மூன்றாம் படி: வண்டி

மான்சால், டிஸ்ஸிங்டன் இரண்டின் மேற்பரப்பும் பெரும்பாலும் இறுக்கிய சுண்ணாம்புக்கல் பொடி. மெல்லிய டயர் பூட்டிய பந்தய வண்டியில் செல்ல முடியும், சுகமிராது. 32 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் அகலமான டயர் பொருத்தமானது. மழை பெய்தால் வெள்ளைக் குழம்பு சங்கிலியிலும் பிரேக்கிலும் அப்பிக்கொள்ளும். அது காய்வதற்குள் கழுவிவிடுவது நல்லது. முன்னே வெள்ளை விளக்கும் பின்னே சிவப்பு விளக்கும் இருளில் சட்டப்படி கட்டாயம். சுரங்கங்களுக்காகப் பகலிலும் எடுத்துச் செல்லுங்கள். தலைக்கவசம் அங்கே சட்டக் கட்டாயமில்லை, ஆயினும் அணிவதே என் பரிந்துரை.

நான்காம் படி: பாதைக்குப் போய்ச் சேர்தல்

பலரும் யோசிக்காமல் விடுவது இதைத்தான். பாதையில் கார் இல்லை என்றாலும், பாதையின் வாயிலுக்குச் செல்லும் சாலையில் இருக்கலாம். பக்ஸ்டன் ரயில் நிலையத்தில் இறங்கி பிளாக்வெல் மில் முனைக்குச் செல்ல நினைப்பவர், சரக்கு லாரிகள் ஓடும் ஏ6 நெடுஞ்சாலையை எதிர்கொள்ள நேரிடும். அனுபவம் வரும்வரை வண்டியைக் காரில் ஏற்றிச் சென்று பாதையோர நிறுத்தத்தில் இறக்குங்கள், அல்லது அங்கேயே வாடகைக்கு எடுங்கள்.

ஐந்தாம் படி: பாதையில் நடந்துகொள்ளும் முறை

நடப்பவர், சக்கர நாற்காலியில் வருபவர், நாயோடு வருபவர், குதிரையில் வருபவர் எல்லாருக்கும் இப்பாதை பொது. வேகம் காட்டும் இடமல்ல. பின்னாலிருந்து நெருங்கும்போது தொலைவிலேயே மணியடியுங்கள். குதிரை என்றால் மணியைவிட மனிதக் குரல் நல்லது: வருகிறேன் என்று சொல்லி, மெதுவாக, போதிய இடம் விட்டுக் கடக்க வேண்டும். பாதையிலிருந்து பிரியும் கிளைவழிகளில் அம்புக்குறியைக் கவனியுங்கள். மஞ்சள் அம்பு நடப்பவருக்கு மட்டும் உரிய வழி. நீல அம்பு குதிரை வழி. 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி அதில் மிதிவண்டி செல்லலாம், ஆனால் நடப்பவருக்கும் குதிரைக்கும் வழிவிட வேண்டும். அனுமதி உண்டு என்பதால் தரை நன்றாக இருக்கும் என்று பொருளல்ல.

ஆறாம் படி: அடுத்த கட்டம்

ரயில் தடம் பழகிய பின், சிறு மேடுகள் கொண்ட தார்ச்சாலையில் பழக, டெர்வென்ட் ஆற்றுப் பள்ளத்தாக்கின் மேற்பகுதி ஏற்ற இடம். ஃபேர்ஹோம்ஸிலிருந்து டெர்வென்ட், ஹவுடன் நீர்த்தேக்கங்களின் மேற்குக் கரையோரமாகக் கிங்ஸ் ட்ரீ வரை செல்லும் சாலை, வார இறுதிகளில் கார்களுக்கு மூடப்படும் வழக்கமுண்டு. புறப்படுமுன் தேசியப் பூங்காவின் அறிவிப்பைப் பாருங்கள். வரைபடத்தில் மறுகரை வழியாகச் சுற்றி வரலாம்போலத் தெரியும். அந்தக் கிழக்குக் கரையில் பெரும்பகுதி கல் நிறைந்த குதிரை வழி, சாலை வண்டிக்கு ஆகாது. வந்த வழியே திரும்புங்கள்.

பிறகு கிராமச் சந்துச் சாலைகளுக்குப் போகலாம். பிரிட்டனின் அரசு நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் வரைபடத்தில் சாலையின் குறுக்கே ஒற்றை அம்புமுனை இருந்தால் சாய்வு 14 முதல் 20 விழுக்காடு. இரட்டை இருந்தால் அதற்கும் மேல். அம்புமுனை இறக்கத்தின் பக்கம் நோக்கியிருக்கும். முதல் சில மாதங்களுக்கு இரட்டை அம்புச் சாலைகளை ஏறுவதற்கு மட்டுமல்ல, இறங்குவதற்கும் தவிர்த்துவிடுங்கள்: ஏறும்போது முடியாவிட்டால் இறங்கி வண்டியைத் தள்ளலாம், இறங்கும்போது ஈரமான வளைவில் எதிரே டிராக்டர் வந்தால் அந்த வாய்ப்பு இல்லை.