பல்கலைக்கழக நிறங்கள்: நீலம் ஊதாவாகும் இடம்

லோகோவை இழுத்து நீட்டக் கூடாது, நிழல் வைக்கக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் முதல் நாளே தெரிந்துவிடும். பல்கலைக்கழக வடிவமைப்பு வேலைக்கு வரும் புதியவர்கள் திரும்பத் திரும்ப விழுவது வேறு குழிகளில்.

நீலத்தை மென்பொருளிடம் ஒப்படைப்பது

காசைக் கரியாக்குவதில் இதற்கே முதலிடம். பட்டமளிப்பு விழா அழைப்பிதழை ஆர்ஜிபியில் (திரைக்கான சிவப்பு, பச்சை, நீல ஒளிக் கலவை) வடிவமைப்பார்கள். கடைசி நிமிடத்தில் ஒரே சொடுக்கில் சிஎம்ஒய்கே (அச்சுக்கான சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மைக் கலவை) ஆக்கி அனுப்புவார்கள். 3000 பிரதி அடித்து வரும். பார்த்தால் நீலம் இல்லை, ஊதா. உடனே அச்சகத்தின் மேல் பழி. அச்சகமோ கோப்பில் இருந்ததைத்தான் அடித்திருக்கும்.

நான்கு வண்ண அச்சில் நீலத்துக்கென்று மை கிடையாது. சயானும் (பச்சை கலந்த வெளிர் நீலம்) மெஜந்தாவும் (ஊதா கலந்த இளஞ்சிவப்பு) சேர்ந்துதான் நீலமாகத் தெரிகிறது. மெஜந்தா சயானை நெருங்கினால் ஊதா. திரையின் சுத்த நீலத்தை (0, 0, 255) ஃபோட்டோஷாப்பின் வழக்கமான அமெரிக்க அமைப்பில் மாற்றினால் ஏறக்குறைய சயான் 88 சதவீதம், மெஜந்தா 77 சதவீதம் வரும். இடைவெளி வெறும் 11. அச்சு ஓடும்போது மெஜந்தா கொஞ்சம் தடித்தாலே போச்சு. குறைந்தது 30 இடைவெளி விட்டால்தான் அந்த ஏற்ற இறக்கத்தை நீலம் தாங்கும்.

ஆகவே பல்கலைக்கழகத்தின் அடையாளக் கையேட்டில் (லோகோ, நிற விதிகள் அடங்கியது) உள்ள சிஎம்ஒய்கே எண்களைக் கையாலேயே உள்ளிடுங்கள். கையேட்டில் இல்லையென்றால் சயானை 100-இல் நிறுத்தி, மெஜந்தாவை 50 முதல் 70 வரை ஐந்து ஐந்தாக ஏற்றிக் கட்டங்கள் போட்டு, வேலைக்கு வாங்கிய அதே தாளில் ப்ரூஃப் (சோதனை அச்சு) எடுங்கள். மை காய்ந்த பிறகு 5000 கெல்வின் விளக்கின் (பகல் வெளிச்சம் போன்ற வெள்ளை ஒளி) கீழ் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். தேர்ந்த எண் அன்றைக்கே கையேட்டில் ஏறட்டும். இல்லாவிட்டால் அடுத்தவர் மறுபடி சொடுக்குவார். நிறம் இம்மியும் மாறக் கூடாத வேலையென்றால் பான்டோன் மையை (எண்ணிட்டு முன்கூட்டியே கலந்த தனி நிற மை) தனித் தகட்டில் ஓட்டுவதே வழி.

ஒரே பான்டோன் எண், இரண்டு தாள்

எண்ணுக்குப் பின்னால் வரும் சி (பூச்சுள்ள தாள்), யு (பூச்சில்லாத தாள்) இரண்டும் ஒரே மைதான். பூச்சுள்ள தாளில் மை மேலே நிற்கும், பூச்சில்லாத தாளில் உறிஞ்சப்பட்டு மங்கும். கடிதத்தாளுக்கும் சிற்றேட்டுக்கும் தனித்தனி மதிப்பு வேண்டும்.

ஐட்ராப்பர்

படத்திலிருந்து நிறத்தை உறிஞ்சி எடுக்கும் இந்தக் கருவி வேண்டாம். ஜேபெக் படத்தில் நிறம் ஏற்கெனவே நகர்ந்திருக்கும். கையேட்டில் உள்ள ஹெக்ஸ் எண்ணை (திரை நிறத்தைக் குறிக்கும் ஆறு இலக்கக் குறியீடு) தட்டச்சு செய்யுங்கள்.

வெள்ளையில் மஞ்சள் எழுத்து

இணைய அணுகல்தன்மை விதி சாதாரண எழுத்துக்கு 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 வேறுபாடு கேட்கிறது. வெள்ளைப் பின்னணியில் சுத்த மஞ்சள் தருவது 1.07:1. மஞ்சள் கோட்டுக்கும் பட்டைக்கும் இருக்கட்டும், எழுத்துக்கு அடர்நிறம்.

அரக்குச் சிவப்பை வெளுப்பது

40 சதவீதமாக்கினால் அது இளஞ்சிவப்பு. அனுமதிக்கப்பட்ட சாயல்களைத் தவிர வேறு வேண்டாம்.

தங்கம்

நான்கு வண்ணத்தில் கடுகு நிறம்தான் வரும். உலோக மை அல்லது ஃபாயில் (சூடாக்கி ஒட்டும் மெல்லிய உலோகப் படலம்).

பூத்தையல்

சட்டைக்கும் தொப்பிக்கும் ஹெக்ஸ் எண் அனுப்பிப் பயனில்லை. நூல் நிறுவனத்தின் உண்மையான நூல் அட்டையை அச்சு மாதிரியோடு பகல் வெளிச்சத்தில் ஒப்பிட்டு, அந்த நூலின் எண்ணையே ஆர்டரில் எழுதுங்கள்.