கப்பலில் இரவுச் சாப்பாட்டு மேசை மாற்றியது: என் அனுபவம்

சிங்கப்பூரில் ஏறும் சுற்றுலாக் கப்பல். எங்களுக்கு மாலை 5.30 பந்தி, தனி புக்கிங்கில் வந்த அப்பா அம்மாவுக்கு இரவு 8 மணி. அம்மாவுக்குச் சர்க்கரை, அவ்வளவு நேரம் தாங்காது.

ஆப்பில் அவர்கள் நேரத்தை 5.30-க்கு மாற்றப் பார்த்தால் 'வெயிட்டிங் லிஸ்ட்' என்றே காட்டியது. ஏஜென்ட், கப்பல் கம்பெனியைக் கேட்கச் சொன்னார்; கம்பெனி ஏஜென்டிடமே திருப்பிவிட்டது. இரண்டு புக்கிங்கையும் இணைத்துப் பார்த்தோம். பலர் கவனிக்காத இடம் இதுதான்: பந்தி நேரமும் ஒன்றாக இருந்தால்தான் ஒரே மேசை கிடைக்கும். இணைப்பு மட்டும் நேரத்தை மாற்றாது. நாட்கள் போனதுதான் மிச்சம்.

பலித்தது கப்பலுக்குள்தான். ஏறியதும் எல்லோரும் பஃபேக்குப் போக, நான் நேரே மெயின் டைனிங் ரூம் வாசலுக்குப் போனேன். மேசை மாற்றம் கேட்பவர்களுக்காகவே அன்று மதியம் அங்கே ஹெட் வெயிட்டர் உட்கார்ந்திருந்தார்; நேரம் அன்றைய நிகழ்ச்சித் தாளில் இருந்தது. இரண்டு கேபின் எண்களையும் அம்மாவின் சர்க்கரையையும் சொன்னேன். தாளில் அச்சிட்ட மேசை வரைபடத்தில் பென்சிலால் ஒரு எண்ணை அடித்து, ஆறு பேர் மேசையை எங்களுக்கு எழுதினார். அப்பாடா!

கேபின் கார்டில் பழைய மேசை எண்ணே இருக்கும். புது எண்ணை அவரையே அதன்மேல் எழுதித் தரச் சொல்லுங்கள். வாசலில் நிறுத்த மாட்டார்கள். சர்க்கரை விஷயத்தைப் புது மேசை வெயிட்டரிடம் மறுபடி சொல்லிவிடுங்கள்.